முதலில் இட்லி, பிறகு ரூட்!

"கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. கரண்ட் பில் கட்டுகிறோம், படம் பார்க்கிறோம், பேரனோடு வீடியோவில் பேசுகிறோம். வேறு உருப்படியாக என்ன செய்யலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஏதாவது பெரிய விஷயமாகச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். என் பதில் சின்னதுதான். அடுத்த முறை குடும்பத்தோடு காரில் வெளியூர் போகும்போது, முந்தைய இரவு அரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். எந்த வழியில் போவது, காலைச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுவது என்ற இரண்டையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

"அதற்குத்தான் கையில் போன் இருக்கிறதே! காரில் ஏறிய பிறகு மேப்பில் ஊர் பெயரைப் போட்டால் போதாதா?" என்று உடனே கேட்பார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்பு ஒரு நாள் காலையில் என் அப்பாவை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நிற்காமல் போன காலை

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆலங்குடி. நான் வேலை பார்ப்பது சென்னையில், குடியிருப்பது தாம்பரத்தில். கடந்த ஆனி மாதம் ஒரு கல்யாணத்துக்காக அப்பா, அம்மாவை ஏற்றிக்கொண்டு அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டேன். காரை எடுக்கும் அவசரத்தில் போனில் மேப்பைத் திறந்து 'ஆலங்குடி' என்று மட்டும் தட்டினேன். முதலில் வந்த பெயரைத் தொட்டேன். வண்டி கிளம்பிவிட்டது.

வழக்கமாக நாங்கள் திருச்சி வழியாகப் போவோம். ஊர் போய்ச் சேர எப்படியும் பதினொன்று ஆகிவிடும். அன்று மேப் காட்டிய நேரம் 9.40. விக்கிரவாண்டியில் இடது பக்கம் திரும்பிப் பண்ருட்டி சாலையில் போகச் சொன்னது. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகவும் புதுக்கோட்டை போகலாம் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ரோட்டை நன்றாகப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் மாத்திரை போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவருடைய டாக்டரின் கட்டளை. ஆறரை மணிக்கு விழித்தவர், "தம்பி, எப்ப சாப்பாடு?" என்று கேட்டார். "இன்னும் இருபது நிமிஷம்தாம்பா" என்றேன். அவரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

பண்ருட்டி வந்தது. சாலையோரம் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். ஹோட்டல்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆனால் நான் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் போனில் 9.40 என்பது 9.41 ஆயிற்று, 9.42 ஆயிற்று. 'அடுத்த ஊரில் பார்ப்போம்' என்று அழுத்தினேன். அடுத்த ஊர் வடலூர். பசித்து வந்தவர்களுக்குச் சோறு போட 1867-ல் வள்ளலார் தருமசாலை தொடங்கிய ஊர். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த ஊர் வழியாக, பசித்த அப்பாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் போய்விடுமே என்று நிற்காமல் ஓட்டியவன் நான்.

சேத்தியாத்தோப்பு தாண்டியபோது அம்மா என் தோளைத் தட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. கை நடுங்கியது. கேட்டதற்குக் குழறலாகப் பதில் சொன்னார். நல்ல வேளையாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. கடையில் இருந்த அம்மாள் நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி நீட்டினார். கால் மணி நேரத்தில் அப்பா தெளிந்தார். பிறகு பன்னும் டீயும் சாப்பிட்டார். இட்லி அங்கே இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. கும்பகோணம் தாண்டி மேப் நீடாமங்கலம் சாலையில் போகச் சொன்னது. கைகாட்டியைப் படித்த அப்பா, "ஏன் தம்பி, நீ வீட்டுக்குப் போறியா, குரு கோயிலுக்குப் போறியா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எந்த ஆலங்குடி?

திருவாரூர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், ஆபத்சகாயேஸ்வரர் கோயில் உள்ள குரு ஸ்தலம். குருப்பெயர்ச்சி என்றால் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் போவார்கள். வெளியூர்க்காரர்கள் தேடும் ஆலங்குடி பெரும்பாலும் அதுதான். எங்கள் ஆலங்குடி அங்கிருந்து 80 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தில் இருக்கிறது. 9.40 என்று காட்டிய நேரம் சரியான கணக்குதான். ஊர்தான் வேறு.

தவறு என்னுடையது. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும்போது, எது என்று சொல்ல வேண்டியது கேட்பவரின் பொறுப்பு. நம் தபால் துறை இந்தத் தொல்லையை எப்போதோ பார்த்துவிட்டது. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறையைக் கொண்டு வந்ததற்கு, ஒரே மாதிரியான ஊர்ப்பெயர்களால் ஏற்பட்ட குழப்பமும் ஒரு காரணம். எங்கள் ஆலங்குடியின் பின்கோடு 622301. மேப்பில் 'ஆலங்குடி, புதுக்கோட்டை, 622301' என்று தட்டியிருந்தால் நான் திருச்சி சாலையில் போயிருப்பேன். எந்த ஊரைத் தேடினாலும் மாவட்டத்தின் பெயரையும் பின்கோடையும் சேர்த்துக் கொடுங்கள். பத்து விநாடி வேலை.

மேப்புக்குப் பசிக்காது

ஆனால் ஊர் மாறியதை நான் பெரிய தவறாக நினைக்கவில்லை. கொஞ்சம் டீசலும் இரண்டு மணி நேரமும் போயிற்று, அவ்வளவுதான். பெரிய தவறு பண்ருட்டியில் நிற்காதது. அதற்கும் ஊர்ப்பெயருக்கும் தொடர்பே இல்லை. சரியான ஊரைப் போட்டிருந்தாலும், அந்த நிமிடக் கணக்கைத் துரத்திக்கொண்டு விழுப்புரத்திலும் நிற்காமல் போயிருப்பேன்.

மேப் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது புரியும். சாலைகளை மேப் சிறு சிறு துண்டுகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. அதைக் கடக்க ஆகும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் இருந்தால் எண் கூடும். புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை எந்தத் துண்டுகளைக் கோத்தால் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருமோ, அதுவே நமக்கு நீல நிறத்தில் கோடாகத் தெரிகிறது.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான முறையை 1956-ல் யோசித்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கன் போக மிகக் குறுகிய வழி எது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். ஆம்ஸ்டர்டாமில் கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பேப்பர் பேனா இல்லாமல் இருபது நிமிடத்தில் மனத்திலேயே போட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கட்டுரையாக அது வெளிவந்தது 1959-ல். இன்ஜினீயரிங் படிக்கும்போது இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் நான். காபி குடித்துக்கொண்டு கண்டுபிடித்த கணக்குதான். ஆனால் காபி குடிக்க ஆகும் நேரம் அந்தக் கணக்கில் கிடையாது.

இன்றைய மேப் புரோகிராம்கள் இதைவிடப் பல மடங்கு வேகமானவை, சாமர்த்தியமானவை. இருந்தாலும் நாம் சொல்லாத ஒன்றை அவை கணக்கில் சேர்ப்பதில்லை. பின் சீட்டில் இருப்பவருக்குச் சர்க்கரை உண்டு என்பதோ, ஏழரைக்குள் அவர் சாப்பிட வேண்டும் என்பதோ, அம்மாவுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்பதோ மேப்புக்குத் தெரியாது. நிற்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் அது தாமதம் என்றே காட்டும். அதைப் பார்த்து ஓட்டும் நாமும் சாப்பாட்டையே தாமதம் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அதனால்தான் சொல்கிறேன். வழியை முடிவு செய்துவிட்டுப் பிறகு சாப்பாட்டைத் தேடாதீர்கள். முதலில் சாப்பாட்டு நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். அந்த இடங்களை இணைக்கும் வேலையை மேப்பிடம் விடுங்கள்.

இரண்டு வழி, இரண்டு இட்லி

எங்கள் பயணத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து ஆலங்குடிக்கு முக்கியமாக இரண்டு வழிகள்.

முதல் வழி: செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி, கீரனூர், புதுக்கோட்டை. சுமார் 380 கி.மீ. திருச்சி வரை நான்கு வழிச்சாலை. வசதி என்னவென்றால் பெரிய பார்க்கிங்கும் கழிப்பறையும் உள்ள ஹோட்டல்கள் சாலையை ஒட்டியே கிடைக்கும். குறை என்னவென்றால் பைபாஸ் சாலை விழுப்புரம், பெரம்பலூர் போன்ற ஊர்களுக்குள் போகாமல் ஒதுங்கிப் போகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உள்ள பழைய, நல்ல ஹோட்டலில் சாப்பிட நினைத்தால் ஊருக்குள் இறங்கி ஏற வேண்டும்.

இரண்டாவது வழி: விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம், தஞ்சாவூர், கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டை. இந்த வழியில் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. ஆனால் ஒரு நல்ல ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் கடைகள் குறைவாக இருக்கும் தூரங்களும் உண்டு. எங்களுக்கு நடந்தது அப்படி ஒரு தூரத்தில்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற போர்டுகளை நீங்கள் அதிகம் பார்ப்பது முதல் வழியில், செங்கல்பட்டைத் தாண்டியதும். கும்பகோணம் இருப்பதோ இரண்டாவது வழியில்! பெயரை மட்டும் பார்த்தால் ஆலங்குடி கதைதான்.

எந்த வழி நல்லது? சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டில் 7.30 மணிக்கு அப்பாவின் முன்னால் இட்லி இருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் சுமார் 135 கி.மீ. அதிகாலையில் மணிக்குச் சராசரியாக 60 கி.மீ. என்று வைத்தால் இரண்டே கால் மணி நேரம். ஆகவே ஐந்தே காலுக்குக் கிளம்பினால் ஏழரைக்கு விழுப்புரம். 4 மணிக்குக் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை. கும்பகோணத்தில்தான் டிபன் என்று ஆசைப்பட்டால் நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் எழ வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பது மணிவரை பட்டினி கிடக்க வேண்டும். அது இருபது வயதுப் பையன்கள் காரில் போகும்போது சரி. அப்பாவோடு போகும்போது சரியல்ல. ஒரே ஊருக்குப் போகும் இரண்டு காருக்கு இரண்டு வழி சரியாக இருக்கலாம். யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

கம்ப்யூட்டரில் எப்படிச் செய்வது?

இதைப் போனிலும் செய்யலாம். ஆனால் இரண்டு வழிகளையும் முழுதாக ஒரே பார்வையில் பார்க்கப் பெரிய திரைதான் வசதி. குடும்பத்தில் நாலு பேர் சுற்றி நின்று கருத்துச் சொல்லவும் முடியும். கூகுள் மேப்ஸை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1. பிரவுசரில் மேப்பைத் திறந்து, சேரும் ஊரை மாவட்டம், பின்கோடு சேர்த்துத் தேடுங்கள். பக்கத்தில் உள்ள ஊர்கள் உங்களுக்குத் தெரிந்தவையா என்று பாருங்கள். ஆலங்குடியைச் சுற்றி வடகாடு, கறம்பக்குடி தெரிந்தால் அது எங்கள் ஊர். நீடாமங்கலமும் வலங்கைமானும் தெரிந்தால் குரு ஸ்தலம்.

2. 'டைரக்ஷன்ஸ்' என்பதில் கிளிக் செய்து புறப்படும் இடத்தைக் கொடுங்கள். பல வழிகள் கோடுகளாகத் தெரியும். நீங்கள் விரும்பும் சாலை அதில் இல்லை என்றால், மவுஸால் கோட்டைப் பிடித்து இழுத்து அந்தச் சாலையில் விடலாம். சுங்கச்சாவடி வேண்டாம் என்றால் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் தேர்ந்தெடுக்கலாம்.

3. முதல் சாப்பாட்டுக்கு நிற்க வேண்டிய நேரத்தில் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று பாருங்கள். அந்த ஊரைப் பெரிதாக்கி ஹோட்டல்களைத் தேடுங்கள். விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் படியுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரத்தால் பயன் இல்லை.

4. காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கடைக்கே போன் செய்து கேளுங்கள். மேப்பில் உள்ள நேரம் யாரோ எப்போதோ கொடுத்தது. 'ஏழு மணிக்கு இட்லி ரெடியா இருக்குமா?' என்று கேட்டால் நேராகப் பதில் வரும்.

5. அந்த ஹோட்டலை இடையில் நிற்கும் இடமாக 'ஆட் டெஸ்டினேஷன்' மூலம் சேர்த்து, சரியான வரிசைக்கு இழுத்துக்கொள்ளுங்கள். இனி மேப் காட்டுவது உங்கள் ஹோட்டல் வழியாகப் போகும் பாதையாக இருக்கும். அரை மணி முன்னால் ஒரு மாற்று ஹோட்டலையும் குறித்து வையுங்கள். மாற்று எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும், பின்னால் இருக்கக்கூடாது.

6. இந்த வழியை உங்கள் போனுக்கு அனுப்புங்கள். போகும் பகுதியின் மேப்பைப் போனில் ஆப்லைனாக டவுன்லோடும் செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைகொடுக்கும். ஊர்களையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதி முன் சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஓட்டுபவர் போனை நோண்டக்கூடாது.

இதோடு கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் செய்யுங்கள். சர்க்கரை நோயாளி காரில் இருந்தால் குளுக்கோஸ், பிஸ்கெட், ஒரு பாட்டில் தண்ணீர் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். சாப்பாடு முன்னால் வந்த பிறகு மாத்திரை போடலாமா என்று பயணத்துக்கு முன் அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழி தெரிந்தவர் இருந்தால் போதாதா?

"எங்கள் மாமாவுக்கு இந்த ரோடு தலைகீழ்ப் பாடம், மேப் எதற்கு?" என்பவர்களும் உண்டு. வழி தெரிந்தவர்களை நான் மதிக்கிறேன். அன்று கைகாட்டியைப் படித்து எங்களைத் திருப்பியவர் அப்பாதானே. ஆனால் அவரிடமும் பழைய மேப்தான் இருக்கிறது. புதுக்கோட்டை தாண்டியதும், "அந்தப் பெரிய புளியமரத்தடிக் கடையில நிறுத்து, வடை நல்லா இருக்கும்" என்பார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பகுதியில் தென்னை, பலா எல்லாவற்றையும் சாய்த்தபோது அந்தப் புளியமரமும் போய்விட்டது. கடையும் இல்லை. மனிதரின் நினைவும் மேப்பும் இரண்டுமே பழையதாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் குறை மற்றொன்றில் தெரிந்துவிடும். அதற்குச் சரியான இடம் வீடு, சரியான நேரம் முந்தைய இரவு.

அந்தக் கல்யாணம் முடிந்து திரும்புவதற்கு முந்தைய நாள், ஊரில் உள்ள கம்ப்யூட்டர் முன் அப்பாவை உட்கார வைத்தேன். உரக்கடை நடத்தியவர். மவுஸைப் பிடிக்கவே முதலில் கூச்சப்பட்டார். பிறகு கீரனூர், திருச்சி என்று ஒவ்வோர் ஊராகப் பெரிதாக்கிப் பார்த்து, "இங்க ஏழரைக்கு வந்திருவோம்ல?" என்று அவரே கேட்டார். திருச்சியில் ஓர் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்து, அவரே போன் போட்டு இட்லி இருக்குமா என்று விசாரித்தார். மறுநாள் காலை 7.25-க்கு அங்கே இறங்கினோம். சேரும் நேரம் எவ்வளவு கூடியது என்று நான் பார்க்கவில்லை. அப்பா மாத்திரையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இட்லி வரும்வரை காத்திருந்தார்.